சிமுலேஷன் சர்வர் வாங்கும்போது ப்ராசஸர் வேகத்தை எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும், கார் மோதினால் முன்பக்கம் எவ்வளவு நசுங்கும், பிளேடில் வெப்பம் எங்கே தேங்கும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு சர்வர் பொருத்திக் கொடுப்பது என் வேலை. கொட்டேஷன் கைக்கு வந்ததும் எல்லோரும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. "சார், கிகாஹெர்ட்ஸ் அதிகம், கோரும் அதிகம். அதைப் பார்த்து வாங்கிட்டா போதாதா?"

போதாது. ஒரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பிரிவு) விநாடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நகரும் என்பது ப்ராசஸரின் தலைமுறையைப் பொறுத்தது. அந்த எண்ணும் நிலையானதல்ல. ஏஎம்டியின் சர்வர் ப்ராசஸரான இபிக் 9654-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அடிப்படை 2.4, உச்சம் 3.7. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சம். 96 கோரும் முட்டி மோதி வேலை செய்யும்போது அது கிடைக்காது.

கோர் கணக்கும் அப்படித்தான். 48 கோரைவிட 96 கோர் இரண்டு மடங்கு வேகம் என்று யாராவது சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு 4-ஆவது பதிலைப் பாருங்கள்.

2. "அப்போ எதை வெச்சுத்தான் அளக்கிறது?"

உங்கள் சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்), உங்கள் மெஷ் (பொருளைச் சின்னச் சின்ன செல்களாக வெட்டிய வலை), சுவர்க் கடிகாரம். அவ்வளவுதான். தண்ணீர், காற்று ஓட்டக் கணக்காக இருந்தால், ஆரம்பத்தில் ஓடும் சில இட்டரேஷன்களை (விடையை நோக்கி நெருங்கும் சுற்றுகள்) விட்டுவிட்டு, அடுத்த ஐம்பதோ நூறோ இட்டரேஷனுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, ஓர் இட்டரேஷனுக்கு எத்தனை விநாடி என்று வகுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஃபைலை (கேஸ் என்றால் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு) படிக்கும் நேரத்தையும் ரிசல்ட் எழுதும் நேரத்தையும் அதில் கலக்காமல் தனியாகக் குறியுங்கள். கலந்துவிட்டால் மெதுவாக இருப்பது ப்ராசஸரா டிஸ்க்கா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

ஃப்ளூயன்ட் என்ற ஓட்ட சால்வரின் பெஞ்ச்மார்க்குகளில் (வேக ஒப்பீட்டுச் சோதனைகள்) 'சால்வர் ரேட்டிங்' என்று ஓர் எண் வரும். பயப்பட வேண்டாம்: ஒரு நாளில் 86,400 விநாடி, அதை பெஞ்ச்மார்க் ஓடிய விநாடியால் வகுத்தால் ரேட்டிங். 40 விநாடியில் முடிந்தால் 2,160. அதாவது அதே ஓட்டத்தை ஒரு நாளில் அத்தனை முறை ஓட்டலாம். எண் கூடினால் நல்லது.

3. "ஸ்பெக் மார்க் பிரமாதமா இருக்கு, லின்பேக்கும் பிரமாதம். அதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்?"

இரண்டும் ப்ராசஸர் வேகத்துக்கான பொதுச் சோதனைகள். லின்பேக்கை முதலில் முடித்துவிடுவோம். 1993 முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்துவது அதை வைத்துத்தான். ஆனால் அது தீர்ப்பது அடர்த்தியான மேட்ரிக்ஸ். எல்லாக் கட்டத்திலும் எண் நிரம்பியிருக்கும். மெமரியிலிருந்து ஒருமுறை எடுத்த எண்ணைப் பலமுறை பயன்படுத்திக்கொள்ளலாம், கோர் சும்மா இருக்காது. நம் மெஷ்ஷில் ஒரு செல்லுக்கு அக்கம்பக்கத்துச் செல்களோடு மட்டும்தான் உறவு. மேட்ரிக்ஸ் முழுக்கப் பூஜ்யம், நடுநடுவே சில எண். இந்த மாதிரி வேலையை அளக்கவே பிறகு எச்பிசிஜி என்று இன்னொரு சோதனை கொண்டுவந்தார்கள். ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர் லின்பேக்கில் 442 பெட்டாஃபிளாப்ஸ் (ஃபிளாப்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை தசமக் கணக்கு என்பதன் அளவு) காட்டியது, எச்பிசிஜியில் 16. அதே மெஷின்தான். நூற்றுக்கு நான்குகூட இல்லை.

ஸ்பெக் சிபியூ 2017 அவ்வளவு மோசமில்லை, ஆனால் மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். தசம எண் ரேட் பிரிவில் 13 சோதனைகள் உண்டு, கடைசியில் அவற்றின் பெருக்கல் சராசரிதான் வெளியே தெரியும். அந்தப் பதின்மூன்றில் பவ்ரே, இமேஜிக் போன்றவை படம் வரைவதும் படத்தைத் திருத்துவதும், நமக்குச் சம்பந்தமில்லை. அறிக்கையைத் திறந்து பிவேவ்ஸ், எல்பிஎம், டபிள்யூஆர்எஃப், ஃபோட்டோனிக்3டி, ரோம்ஸ் ஆகிய வரிகளை மட்டும் தனியே பாருங்கள். ஓட்டம், வானிலை, மின்காந்தம், கடல் என்று இவை எல்லாமே மெமரியை உறிஞ்சும் ரகம். இந்த வரிகளில் பழைய மெஷினைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பது உங்கள் வேலைக்கு ஓரளவு கிட்டத்தில் வரும். இன்னொன்று: 'ரேட்' பிரிவில் ஒவ்வொரு கோரிலும் தனித்தனிப் பிரதி ஓடுகிறது. ஒரே கேஸைப் பல கோர்கள் பங்குபோட்டு, நடுவில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் செலவு அதில் வராது.

4. "எதுக்கெடுத்தாலும் மெமரி பேண்ட்விட்த்ங்கறீங்க. அது அவ்வளவு பெரிய விஷயமா?"

ரேமிலிருந்து ப்ராசஸருக்கு விநாடிக்கு எவ்வளவு டேட்டா வரும் என்பதுதான் மெமரி பேண்ட்விட்த். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இபிக் 9654-இல் ஒரு கோர் ஒரு துடிப்பில் 16 இரட்டைத் துல்லியக் கணக்குகள் (எண்ணுக்கு 8 பைட்) செய்யும். 96 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ்: பெருக்கினால் சுமார் 3,686 கிகாஃபிளாப்ஸ். இப்போது மெமரிப் பக்கம். டிடிஆர்5-4800 ரக ரேம் ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே ஒரு பாதை) விநாடிக்கு 38.4 கிகாபைட் தரும். 9654-இல் உள்ள 12 சேனலுக்கு 460.8. நம் சால்வர் பெரும்பாலும் செய்வது பூஜ்யம் அல்லாத எண்களை வெக்டரோடு பெருக்கிக் கூட்டுவது. ஓர் எண்ணுக்கு 8 பைட், அது எந்த இடத்து எண் என்று சொல்ல இன்னொரு 4 பைட். ஆக 12 பைட் வந்தால்தான் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் நடக்கும். 460.8-ஐ 12-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்குங்கள். 77 கிகாஃபிளாப்ஸ்கூட முழுதாக வரவில்லை. உச்ச சக்தியில் நூற்றுக்கு இரண்டு!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 96 இலை, பரிமாற 12 பேர். சாப்பிடுகிறவர் எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டாலும் சாம்பார் வாளி வரும்வரை இலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் நான் முதலில் பார்க்கும் எண், கோர் ஒன்றுக்கு எத்தனை கிகாபைட் என்பது. பழைய 64 கோர் இபிக் 7763-க்கு டிடிஆர்4-3200, 8 சேனல், மொத்தம் 204.8, கோருக்கு 3.2. 9654-க்கு 4.8. அதே குடும்பத்து 32 கோர் 9374எஃப்-க்கு 14.4. மூன்றில் எதைக் கோருக்குக் கோர் வேகம் என்று சொல்வேன் என்று இனி நீங்களே ஊகிக்கலாம்.

இதை நேரடியாக அளக்க ஸ்ட்ரீம் என்ற சின்ன நிரல் உண்டு, ஜான் மெக்கால்பின் எழுதியது. அதில் 'ட்ரையாட்' என்ற வரியைப் பாருங்கள். ஒரு பொறி இருக்கிறது. உள்ளபடியே கம்பைல் செய்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கோடி எண்கள், அதாவது 80 மெகாபைட். மூன்று வரிசைக்கு 240. 9654-இன் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள சின்ன வேக மெமரி) 384 மெகாபைட். மொத்தச் சோதனையும் கேஷுக்குள் உட்கார்ந்துவிடும், மெமரியைத் தொடவே தொடாது. வருகிற எண்ணைப் பார்த்துக் கொண்டாடியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரிசையும் மொத்தக் கேஷைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி.

5. "256 ஜிபி ரேம் கேட்டோம், 256 வந்திருக்கு. எத்தனை ஸ்டிக்கா இருந்தா என்ன?"

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். எட்டு சேனல் சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) இரண்டு கொண்ட சர்வர். சாக்கெட்டுக்கு 32 ஜிபி ஸ்டிக் எட்டு என்று நாங்கள் கேட்டிருக்க, 64 ஜிபி ஸ்டிக் நான்கு போட்டு அனுப்பியிருந்தார்கள். மொத்தம் சரியாக இருந்ததால் ரிசீவ் செய்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வாரம் "புது மெஷின் பழசைவிட ஸ்லோ" என்று என்னைத் திட்டினார்கள். ஸ்ட்ரீம் ஓட்டினேன், எதிர்பார்த்ததில் பாதி. மூடியைக் கழற்றினால் ஸ்லாட் ஒன்று விட்டு ஒன்று காலி.

சேனலுக்கு ஒரு ஸ்டிக், எல்லாச் சேனலும் நிரம்ப, எல்லாம் ஒரே அளவு, ஒரே வேகம். கொட்டேஷனிலேயே ஸ்டிக் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். சர்வர் வந்த அன்றே மூடியைத் திறந்து எண்ணுங்கள்.

6. "எங்க வேலை ஸ்ட்ரக்சுரல். ஃப்ளூயிட்காரங்க கதை எங்களுக்கும் பொருந்துமா?"

ஸ்ட்ரக்சுரல், அதாவது பொருளின் வலிமைக் கணக்கு என்றால், சால்வரைப் பொறுத்தது. அபாகஸ் ஸ்டாண்டர்ட், ஆன்சிஸ் மெக்கானிக்கல் போன்ற மென்பொருள்களில் டைரக்ட் சால்வர் (சுற்றுச் சுற்றாக நெருங்காமல் நேராகத் தீர்ப்பது) ஓட்டினால், பூஜ்யம் நிறைந்த மேட்ரிக்ஸைச் சின்னச் சின்ன அடர்த்தியான கட்டங்களாகத் திரட்டிக்கொண்டு தீர்க்கும். அந்த இடத்தில் லின்பேக் சாயல் வந்துவிடும். கிளாக், வெக்டர் வசதி, நல்ல கணித லைப்ரரி எல்லாம் எடுபடும். ஆனால் ரேம் போதவில்லை என்றால் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அப்போது ப்ராசஸரைப் பற்றிப் பேசுவதே வீண். ஆன்சிஸ் தரப்பில் சொல்லும் தோராயக் கணக்கு, பத்து லட்சம் டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு (கண்டுபிடிக்க வேண்டிய எண்கள்) முழுக்க ரேமிலேயே தீர்க்க 10 ஜிபி. டெஸ்ட் ரன்னின் அவுட்புட் ஃபைலில் 'இன்-கோர்' (முழுக்க ரேமிலேயே) என்று வந்ததா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

சுற்றுச் சுற்றாக நெருங்கும் இட்டரேட்டிவ் சால்வர் என்றால் 4-ஆவது பதில் அப்படியே பொருந்தும். எல்எஸ்-டைனா மென்பொருளில் மோதல் ஓட்டுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில்: எலிமென்ட் கணக்கு கோரைக் கேட்கும், பாகங்கள் ஒன்றோடொன்று தொடும் காண்டாக்ட் பகுதி ஒரு சில கோர்களிடம் குவிந்து மற்றவை காத்திருக்கும். சிங்கிள் பிரிசிஷனில் (எண்ணுக்கு 4 பைட்) ஓட்டினீர்களா டபுளிலா (8 பைட்) என்பதையும் ரிசல்ட்டோடு சேர்த்து எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்த எண் யாருக்கும் உதவாது.

7. "ஹைப்பர்த்ரெடிங் ஆன் பண்ணா கோர் ரெட்டிப்பாகுமே?"

ஹைப்பர்த்ரெடிங் என்பது ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி. டாஸ்க் மேனேஜரில் ரெட்டிப்பாகும். பந்தியில் ஓர் இலைக்கு இரண்டு பேரை உட்கார வைத்தது போல. பரிமாறுகிறவர்கள் அதே 12 பேர். ஆஃப் செய்துவிடுங்கள், அல்லது உண்மையான கோர் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாத கோருக்கும் லைசென்ஸ் கட்டுவது தனி வயிற்றெரிச்சல்.

8. "32 கோர்ல ஓடினதை 64-ல போட்டேன், நேரம் பாதியாகலை. சர்வர்ல ஏதாவது கோளாறா?"

பெரும்பாலும் இல்லை. வேலையில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்குப்படி 32 கோரில் 24 மடங்கு, 64 கோரில் 39 மடங்கு கிடைக்கும். கோர் இரண்டு மடங்கு, வேகம் 1.6 மடங்கு. இதற்கு மேல் மெமரி நெரிசல், செல் எண்ணிக்கை குறையக் குறைய எல்லைச் செல்களின் தகவலைப் பரிமாறும் செலவு. கோருக்குச் சில ஆயிரம் செல்தான் இருக்கிறது என்றால் கோர்கள் கணக்குப் போடுவதைவிட ஊர்க்கதை பேசுவதுதான் அதிகம்.

இங்கே அளவிடுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஒரே கோரில் ஓட்டி அதை அடிப்படையாக வைப்பது. தனிக் கோர் ஓடும்போது உச்ச கிளாக்கும், மொத்தக் கேஷும், எல்லா மெமரி சேனலும் அதற்கே. ராஜ மரியாதை. அதோடு ஒப்பிட்டால் எந்தப் பல்கோர் ஓட்டமும் சோப்ளாங்கியாகத்தான் தெரியும். ஒரு முழு சாக்கெட்டையோ ஒரு முழு சர்வரையோ அடிப்படையாக வைத்து, அங்கிருந்து இரண்டு சர்வர், நான்கு சர்வர் என்று போங்கள்.

9. "நாங்க நாலு சர்வர்ல போட்டப்போ நாலரை மடங்கு வேகம் வந்துச்சு. அளந்தது தப்பா?"

சரியாகவே அளந்திருக்கலாம். கேஸ் நான்காகப் பிரிந்ததும் ஒவ்வொரு துண்டிலும் அடிக்கடி தேவைப்படும் பகுதி கேஷுக்குள் அடங்கிவிட்டது. பெரிய கேஷ் வைத்த ப்ராசஸர்கள் விற்பது இந்த மாயத்தைத்தான். 2023-இல் வந்த ஏஎம்டியின் ஜெனோவா-எக்ஸில் (9654 சேர்ந்த ஜெனோவா குடும்பத்தின் பெரிய கேஷ் வகை) 1,152 மெகாபைட் எல்3. சாதாரண 9654-ஐப் போல மூன்று மடங்கு.

வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் கேஸ் அளவைச் சொல்லாமல் பதில் சொல்ல மாட்டேன். சின்ன கேஸில் அது ராக்கெட். ஒரே சர்வரில் பெரிய கேஸை அடைத்தால் மீண்டும் பந்தி வரிசைதான். இருபது லட்சம் செல் பெஞ்ச்மார்க்கைக் காட்டி இரண்டு கோடி செல் ஓட்டுகிறவரிடம் இதை விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. "லைசென்ஸ் கணக்கை இதோட எப்படிச் சேர்க்கிறது?"

இதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் சர்வர் விலையைவிட லைசென்ஸ் விலை அதிகம். ஆன்சிஸில் கூடுதல் கோருக்கான லைசென்ஸ் எச்பிசி (உயர்திறன் கணிப்பு) பேக்: ஒன்றுக்கு 8 கோர், இரண்டுக்கு 32, மூன்றுக்கு 128. இரண்டு பேக் வைத்திருக்கிறவர் 96 கோர் ப்ராசஸர் வாங்கினால் மூன்றில் இரண்டு பங்கு கோர் கொலு பொம்மை. அவருக்கு நான் சொல்வது 16 கோர் 9174எஃப் இரண்டு: அடிப்படையே 4.1 கிகாஹெர்ட்ஸ், 24 சேனல், கோருக்கு 28.8 கிகாபைட். அதே லைசென்ஸில் வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதுதான் இங்கே அளவுகோல், மொத்த சர்வரின் திறன் அல்ல.

அபாகஸ் கணக்கு வேறு. அங்கே லைசென்ஸை டோக்கனாக எண்ணுவார்கள்: டோக்கன் எண்ணிக்கை, கோரின் 0.422 அடுக்கை ஐந்தால் பெருக்கி தசமத்தை வெட்டியது. 8 கோருக்கு 12, 16-க்கு 16, 32-க்கு 21, 64-க்கு 28. கோர் கூடக்கூட டோக்கன் மெதுவாகத்தான் ஏறுகிறது. அதனால் அங்கே கோரை அள்ளிப் போடுவது அவ்வளவு பாவமில்லை. ஒரே ப்ராசஸர் ஒரு சாஃப்ட்வேருக்குச் சிக்கனம், இன்னொன்றுக்கு ஊதாரித்தனம்.

11. "ஒரே கேஸ், ஒரே மெஷின். காலைல 41 நிமிஷம், மத்தியானம் 47. எதை நம்புறது?"

இரண்டையும் நம்ப வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். முதல் சந்தேகம்: வேறு யாராவது அதில் மெஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்களா? அடுத்தது: ப்ராசஸ்கள் கோரோடு கட்டப்பட்டிருக்கின்றனவா? கட்டாவிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அவற்றை ஒரு சாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், டேட்டா பழைய சாக்கெட்டின் மெமரியிலேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டி எடுத்து வர வேண்டும். மூன்றாவது: முந்தைய வேலையின் ஃபைல் கேஷ் ஒரு பக்கத்து ரேமை அடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னால் அதைக் காலி செய்துவிடுவேன். பவர் செட்டிங் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நம் ஊரில் நான்காவது ஒன்று உண்டு. கத்திரி வெயில். சர்வர் ரூம் ஏசி திணறும் மதியத்தில் ப்ராசஸர் தானாகவே கிளாக்கை இறக்கிக்கொள்ளும். ரன் நடக்கும்போது கிளாக்கையும் வெப்பநிலையையும் பத்து விநாடிக்கு ஒருமுறை ஃபைலில் பதிந்து வையுங்கள். ஐந்து நிமிட டெஸ்டில் இது தெரியாது. அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட வேண்டும். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் ஒன்றோடொன்று இரண்டு சதவீதத்துக்குள் வராவிட்டால், எதையும் எழுதிக்கொள்ளாமல் மறுபடி மேலிருந்து சரிபார்ப்பேன்.

12. "வெண்டர் ரிப்போர்ட்ல நம்ம எண்ணைவிட 30% வேகம் போட்டிருக்கான். புளுகா?"

புளுகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கேஸ் 9-ஆவது பதிலில் சொன்ன மாதிரி சின்னதாக இருந்திருக்கலாம். பயாஸில் (சர்வரின் அடிப்படை செட்டிங்) ஒரு சாக்கெட்டை நான்கு மெமரிப் பகுதிகளாகப் பிரித்திருக்கலாம். இபிக்கில் அந்த செட்டிங் பெயர் என்பிஎஸ்4, ஃபேக்டரியிலிருந்து வரும்போது வழக்கமாக அப்படி இருக்காது. சாஃப்ட்வேர் வெர்ஷன் வேறாக இருக்கலாம். சாக்கெட்டில் பாதிக் கோரை மட்டும் ஓட்டி, "கோருக்கு இவ்வளவு" என்று போட்டிருக்கலாம். கேட்டு வாங்க வேண்டியது: கேஸ் பெயர், செல் எண்ணிக்கை, ஓடிய கோர், மொத்தக் கோர், ஸ்டிக் எண்ணிக்கை, பயாஸ் மாற்றங்கள், வெர்ஷன். கொடுத்தால் அதே அமைப்பில் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்த 30-ஐ மறந்துவிடுங்கள்.

13. "வாங்குறதுக்கு முன்னாடி கிளவுட்ல டெஸ்ட் பண்ணலாமா?"

தாராளமாக. சில நூறு ரூபாயில் முடிகிற விஷயத்துக்குப் பல லட்சத்தைப் பணயம் வைப்பானேன்? ஆனால் பொதுவான மெஷின்களில் ஒரு 'விசிபியூ' என்பது பெரும்பாலும் அரைக் கோர், 7-ஆவது பதிலில் பார்த்த ஹைப்பர்த்ரெட். அதனால் எச்பிசிக்கென்றே வைத்திருக்கும் வகையை எடுங்கள்: அமேசானில் எச்பிசி7ஏ, மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் எச்பிவி4. முழு மெஷினும் உங்களுக்கே, அக்கம்பக்கத்து வீட்டுச் சத்தம் இல்லை. ஒன்று மட்டும் கவனம். எச்பிவி4-இல் இருப்பது பெரிய கேஷ் ஜெனோவா-எக்ஸ். அதில் அளந்துவிட்டு சாதாரண ஜெனோவா வாங்கிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

14. "ஜிபியூ பத்தி மூச்சே விடலையே?"

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் (ஜிபியூ) கணக்கு அதேதான், 4-ஆவது பதில். என்விடியா எச்100-இன் எஸ்எக்ஸ்எம் வகையில் மெமரி விநாடிக்கு 3.35 டெராபைட் தரும், ஆனால் இருப்பது 80 ஜிபி. கேஸ் அதற்குள் அடங்கி, நீங்கள் பயன்படுத்தும் மாடல் ஜிபியூ சால்வரில் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். விளையாட்டுக் கார்டுகளில் இரட்டைத் துல்லியம் மிகவும் பலவீனம், அதை நம்பி இறங்க வேண்டாம்.

15. "கோர் எண்ணிக்கையை மாத்தினா ஆன்சரே கடைசி தசமத்துல மாறுது. இட்டரேஷனும் 812 இருந்தது 840 ஆயிடுச்சு. இப்போ எப்படி ஒப்பிடுறது?"

இதைக் கேட்பவர்கள்தான் ஒழுங்காக அளக்கிறார்கள். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். மெஷ்ஷை 32 துண்டாக வெட்டுவதும் 64 துண்டாக வெட்டுவதும் வேறு வேறு கூட்டல் வரிசை. துண்டு அதிகமானால் உள்ளே ஓடும் லீனியர் சால்வரும் கொஞ்சம் பலவீனமாகி, அதே இடத்துக்குப் போய்ச்சேரக் கூடுதல் சுற்று எடுக்கும். கோளாறு இல்லை.

அதனால் இரண்டு எண் எழுதுகிறேன். ஓர் இட்டரேஷனுக்கு எத்தனை விநாடி என்பது ஒன்று, அது மெஷினின் குணம். குறிப்பிட்ட ரெசிட்யூவல் (மிச்சமிருக்கும் பிழை) வரை இறங்க மொத்தம் எத்தனை நிமிடம் என்பது இன்னொன்று, அது உங்கள் வேலையின் குணம். முதல் எண்ணில் ஜெயித்து இரண்டாவதில் தோற்ற மெஷின் அமைப்பு ஒன்று என் நோட்டில் இருக்கிறது. இட்டரேஷனுக்கு நேரம் குறைந்தது, ஆனால் சுற்று கூடியது. லிஃப்ட், பிரஷர் டிராப் போன்ற எண்களையும் பக்கத்தில் எழுதிவிடுவேன். அவை நான்காவது இலக்கம் வரை ஒத்துப்போனால்தான் அந்த இரண்டு ரன்னையும் ஒரே அட்டவணையில் வைப்பேன்.